குளிசைக்குள் ஒரு கண்

எமது ஊர்க் கிணறுகளில் வாளி அறுந்து விழுவது புதுமையன்று. கயிறு இற்றுப்போனால் வாளி நீருக்குள் மறைந்துவிடும். உச்சிவெயில் வேளையில் வீட்டிலுள்ள ஒருவர் முகம்பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து, கிணற்றுக்கட்டில் நின்று வெயிலை அதில் ஏந்தி உள்ளே திருப்பி அடிப்பார். அதுவரை கருமையாய்க் கிடந்த நீருக்குள் ஓர் ஒளிக்கற்றை இறங்கும். அடியிலே கிடக்கும் வாளி பளிச்சென்று தெரியும். அதன் பின்னரே பாதாளக் கரண்டியைக் கயிற்றிற் கட்டி இறக்குவார்கள். வாளி எங்கே கிடக்கிறதென்று காணாமற் கரண்டியைப் போட்டுத் துழாவுபவர் கிணற்றைக் கலக்குவாரேயன்றி வாளியை எடுக்கமாட்டார்.

நெடுங்காலமாக வைத்தியர்களின் நிலையும் இதுவாகவே இருந்தது. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள், நாடியைப் பிடித்தார்கள், வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஊகித்தார்களே தவிரக் கண்டாரில்லை. உயிரோடிருக்கும் மனிதனின் உள்ளுறுப்பைக் கத்தி வைக்காமற் காண்பது இயலாத செயல் என்றே உலகம் எண்ணியிருந்தது.

சென்ற தவணையில் எமது வகுப்பிலே ஒளியைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், வயிற்றுக்குள்ளே கமரா போகிறதாமே. அங்கே இருட்டல்லவா? வெளிச்சம் ஏது?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. இருநூறு ஆண்டுகளாகப் பேரறிஞர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியையே அந்தப் பிள்ளை கேட்டுவிட்டான். அவன் கேட்ட அக்கணத்தில் எம் மனத்திலே ஒரு பழைய நண்பரின் முகமும் தோன்றியது. அவரைப் பற்றி இறுதியிற் சொல்வோம். முதலில் மாணவனுக்கு விடை கூறுவோம்.

மெழுகுதிரியும் ஆடியும்

ஜேர்மனி நாட்டிலே பிராங்பேட் நகரில் பிலிப் பொசினி என்றோர் இளம் வைத்தியர் வாழ்ந்தார். 1806ஆம் ஆண்டில் அவர் ஒரு விசித்திரமான கருவியை அறிமுகஞ் செய்தார். பூச்சாடி போன்றதொரு தகரக் கூடு, அதன்மேல் தோலுறை, உள்ளே ஒரு மெழுகுதிரி, திரியின் ஒளியைத் திரட்டி முன்னே அனுப்ப ஒரு குழிவாடி, உடலின் துவாரங்களுக்குள் செலுத்தத்தக்க மெல்லிய குழாய். ஒளியைக் கடத்துவது என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். கிணற்றுக்கட்டில் நின்று கண்ணாடி பிடிக்கும் எம்மவரின் உபாயமும் பொசினியின் உபாயமும் ஒன்றே. வெயிலுக்குப் பதிலாக மெழுகுதிரி. கிணற்றுக்குப் பதிலாக மனித உடல்.

வியன்னா நகரத்து வைத்திய பீடத்தார் அக்கருவியை ஒரு வேடிக்கைப் பொருளென்று ஒதுக்கினர். பொசினி 1809ஆம் ஆண்டிலே, தமது முப்பத்தைந்தாம் வயதில், காய்ச்சலுக்கு இரையாகி மறைந்தார். தாம் நட்ட விதை முளைத்ததை அவர் காணவில்லை.

1853ஆம் ஆண்டளவில் பிரான்ஸ் நாட்டு வைத்தியரான தெசொர்மோ மெழுகுதிரியை அகற்றி, மதுசாரமும் கற்பூரத்தைலமும் கலந்து எரிக்கும் விளக்கை வைத்தார். அகநோக்கி என்னும் கருத்துள்ள ‘எண்டொஸ்கோப்’ என்ற பெயரை இக்கருவிக்கு வழங்கியவரும் அவரே. ஒளி சிறிது கூடிற்று, வெப்பமும் கூடிற்று. விளக்கு வெளியே நின்றால் ஒளி உள்ளே போதாது. அதனை உள்ளே கொண்டுசென்றால் சதை வெந்துவிடும். இந்த இருதலைக் கொள்ளியில் அகப்பட்டு விஞ்ஞானம் பல ஆண்டுகள் தவித்தது.

ஓர் அறைக்கு ஒளியூட்ட வேண்டுமாயின் விளக்கை அறைக்குள்ளேயே கொண்டுசெல்ல வேண்டும் என்பது மக்ஸ்மிலியன் நிற்சே என்ற ஜேர்மன் வைத்தியரின் கொள்கை. 1877ஆம் ஆண்டில் அவர் சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியொன்றை உண்டாக்கினார். அதன் நுனியிலே மின்சாரத்தாற் செந்தணலாய் ஒளிரும் பிளாற்றினக் கம்பி. அதனைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் ஏற்பாடு. இரண்டாண்டுகளில் எடிசனின் மின்குமிழ் வந்தது. அக்குமிழ் வரவரச் சிறுத்துக் கருவியின் நுனியிற் குடியேறியதும் தண்ணீர்க் குழாய்கள் தேவையற்றுப் போயின. மாணவனின் கேள்விக்கு முதல் விடை இதுதான்: வெளிச்சத்தை நாமே கொண்டுசெல்ல வேண்டும்.

வாள் விழுங்கியின் தொண்டை

சிறுநீர்ப்பைக்குச் செல்லும் வழி குறுகியது. இரைப்பைக்குச் செல்லும் வழியோ நெடியது. வாயிலிருந்து தொண்டையிலே திரும்பிக் களத்தின் வழியாக இறங்குவது. நேரான குழாயை அதனுள்ளே எவ்வாறு செலுத்துவது?

1868ஆம் ஆண்டில் பிறைபேர்க் நகரப் பேராசிரியர் அடொல்ப் குஸ்மவுல் இதற்கு விடை தேடினார். அவருக்கு உதவியவர் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவர். தலையைப் பின்னே சாய்த்து, வாயும் தொண்டையும் ஒரே நேர்கோட்டில் வரும்படி நிறுத்த அவர் பழகியிருந்தார். 47 சென்ரிமீற்றர் நீளமான உலோகக் குழாயை அவர் விழுங்கிக் காட்டினார். வழி உண்டென்பது தெரிந்தது. ஆனால் அவ்வழியே அனுப்பிய ஒளி, அடியை அடையுமுன் மங்கிப்போயிற்று. வித்தைக்காரரின் கழுத்து நேரானது போல எல்லா நோயாளரின் கழுத்தும் நேராகுமா என்ற வினாவும் எழுந்தது. உயிர்ச்சேதம் நேருமளவுக்கு ஆபத்தான முயற்சியாகவே அது பல்லாண்டுகள் இருந்தது.

1932ஆம் ஆண்டில் றூடொல்ப் சின்ட்லர் என்ற வைத்தியர் முனைப்பகுதி மட்டும் ஓரளவு வளையக்கூடிய கருவியைக் கொண்டுவந்தார். குழாயினுள்ளே வரிசையாகப் பல வில்லைகள் அமைந்திருந்தன. நோயாளரின் துன்பம் குறைந்தது, ஆயினும் நீங்கவில்லை. இரைப்பையின் சில மூலைகள் இன்னமும் கண்ணுக்கு எட்டாமலே இருந்தன.

இருளே துணையாயிற்று

உடலுக்குட் சென்று நடைமுறைக்கு உதவும் வகையிற் படம் பிடித்த சின்னஞ்சிறு கமராவின் கதை, போரில் நொந்துபோயிருந்த யப்பான் நாட்டில் ஆரம்பமாகிறது. அந்நாட்டிலே இரைப்பைப் புற்றுநோய் மிகுதி. வலியென்று வருபவரின் வயிற்றைத் திறந்து பார்க்கும்போது நோய் முற்றியிருக்கும். தோக்கியோ பல்கலைக்கழக வைத்தியசாலையில் இளம் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த தற்சுரோ உஜி என்பவர் இதனைக் கண்டு மனம் வெதும்பினார். இரைப்பைக்குள்ளே ஒரு கமராவை அனுப்பிப் படம் பிடிக்க முடியுமானால் நோயை முளையிலேயே கண்டுபிடிக்கலாமே என்று எண்ணினார். 1949ஆம் ஆண்டில் அவர் ஒலிம்பஸ் கமரா நிறுவனத்தாரை நாடினார். அங்கே சுகியூரா முற்சுவோ, புகாமி மசஹாரு என்னும் இரு பொறியியலாளர்கள் அவருடன் இணைந்தனர்.

அவர்கள் முன்னிருந்த வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வில்லை, படச்சுருள், விளக்கு, படச்சுருளை இழுக்கும் பொறி ஆகிய யாவும் தொண்டைக்குள் நுழையும் ஒரு குழாயின் நுனியில் அடங்கவேண்டும். படச்சுருளை ஒடுக்கமான கீலங்களாக வெட்டினார்கள். வில்லையை மில்லிமீற்றர் அளவிலே தீட்டினார்கள். மின்குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொசுங்கின, மீண்டும் செய்தார்கள். நாய்களிற் பரிசோதித்த பின்னர், 1950ஆம் ஆண்டிலே கருவியின் முதல் உருவம் நிறைவெய்தியது. இரைப்பைக் கமரா என்று அதற்குப் பெயர்.

இவ்விடத்தில் ஓர் அழகிய உண்மையைக் கூறவேண்டும். ‘கமரா’ என்னும் சொல் இலத்தீன் மொழியிலே அறையைக் குறிப்பது. ‘இருட்டறை’ என்று பொருள்படும் தொடரே நாளடைவிற் குறுகிக் கமரா என்றாயிற்று. வெளியுலகில் நாம் உபயோகிக்கும் கமராவுக்கு ஒளியைத் தடுத்துவைக்க ஒரு கதவு வேண்டும். படம் எடுக்கும் கணத்தில் மட்டும் அது திறந்து மூடும். இரைப்பைக் கமராவுக்கோ அக்கதவு வேண்டியதில்லை. இரைப்பையே இருட்டறை. குமிழ் ஒருமுறை மின்னினால் ஒரு படம் பதியும். அடுத்த மின்னல்வரை மீண்டும் இருள். இதுகாறும் பகையாக நின்ற இருட்டு, இங்கே துணையாக மாறிற்று.

ஆனால் வைத்தியர் உள்ளே எதனையும் நேரே கண்டாரல்லர். பரிசோதனை அறையை இருட்டாக்கி, குமிழ் மின்னும்போது நோயாளியின் வயிற்றுத் தோலின்மேல் தோன்றும் செவ்வொளியைக் கொண்டே கமரா எங்கே நிற்கிறதென்று கணித்தார். படச்சுருளைக் கழுவிய பின்னரே உள்ளே இருந்தது தெரியவரும். ஆயினும் அப்படங்கள் குவியக் குவிய, ஆரம்பநிலைப் புற்றுநோயின் முகத்தை யப்பானிய வைத்தியர்கள் அடையாளங் காணப் பழகினர். இரைப்பைச் சுவரின் மேலடுக்குகளுடன் நின்றுவிட்ட நோய் இன்னதென்று 1962ஆம் ஆண்டில் அவர்கள் வரையறுத்தார்கள். அந்நிலையிற் கண்டு அகற்றினால் நோயாளரில் மிகப் பெரும்பாலோர் பிழைப்பர் என்பது பின்னர் உறுதியாயிற்று. மரணத் தீர்ப்பாக இருந்த ஒரு நோயை மாற்றத்தக்க நோயாக்குவதில் அச்சிறு கமராவுக்குப் பெரும் பங்குண்டு.

வளைந்து செல்லும் ஒளி

ஒளி நேர்கோட்டிற் செல்லும் என்று நாம் வகுப்பிலே கற்பிக்கிறோம். அவ்வாறாயின் வளைந்த குழாய்க்குள்ளே நேரடியாகப் பார்ப்பது எவ்வாறு?

கண்ணாடியினுள்ளே செல்லும் ஒளி, அதன் விளிம்பை மிகச் சாய்வாக வந்து தொட்டால் வெளியேறாது. முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். இதனை முழு உட்தெறிப்பு என்பர். மயிரினும் மெல்லிய கண்ணாடி நார் ஒன்றின் ஒரு முனையில் ஒளியைச் செலுத்தினால், அது சுவருக்குச் சுவர் மோதி மோதி, நார் வளைந்த வழியெல்லாம் சென்று மறுமுனையில் வெளிப்படும். ஆயிரமாயிரம் நார்களை ஒழுங்கு பிசகாமற் கட்டினால், ஒவ்வொரு நாரும் காட்சியின் ஒவ்வொரு புள்ளியைச் சுமந்து வரும். புள்ளிகள் கூடினால் படம்.

1951ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு விருந்தின்போது, விறைத்த குழாயால் நோயாளர் படும் துன்பத்தை வைத்தியர் ஒருவர் பௌதிக அறிஞரான ஹரோல்ட் ஹொப்கின்சிடம் எடுத்துரைத்தார். அந்த உரையாடல் ஹொப்கின்சை உறங்கவிடவில்லை. பஞ்சாப்பிலே பிறந்து இலண்டனுக்குப் படிக்க வந்திருந்த நரிந்தர் சிங் கபானி என்னும் மாணவர் அவருக்குத் துணையானார். வளையும் நார்க்கட்டு ஒன்றின் மூலம் படத்தைக் கடத்த முடியுமென்பதை இருவரும் 1954ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்டனர்.

அக்கட்டுரையைப் படித்தவர்களுள் தென்னாபிரிக்காவிற் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பசில் ஹேர்ஷொவிற்ஸ் என்ற வைத்தியரும் ஒருவர். அவர் இலண்டனுக்கே சென்று கருவியைப் பார்த்துவந்தார். ஒரு குறை தெரிந்தது. நார்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒளி கசிந்து அயல் நாருக்குப் பாய்ந்தது. இக்குறையைத் தீர்த்தவர் யார் தெரியுமா? பட்டம் பெறாத ஒரு பௌதிக மாணவர். லோறன்ஸ் கேர்ட்டிஸ் என்னும் அவ்விளைஞர், ஒருவகைக் கண்ணாடிக் கோலை இன்னொருவகைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து, இரண்டையும் ஒன்றாக உருக்கி நாராக இழுத்தார். உள்நாருக்கு வெளிக்கண்ணாடி சட்டையாயிற்று. ஒளி கசிவது நின்றது. அது 1956ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். மூத்தவர்கள் ஐயுற்றபோதும் செய்து பார்த்துவிடுவோம் என்று துணிந்த அந்த மாணவரை எமது மாணவர்கள் மறத்தலாகாது. இன்று கடலடியிற் செய்திகளைச் சுமந்து செல்லும் கண்ணாடி நார்களும் இவ்வாறு சட்டையணிந்தவையே.

1957ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஹேர்ஷொவிற்ஸ் அக்கருவியை முதலில் தாமே விழுங்கினார். சில நாட்கள் கழித்தே ஒரு நோயாளிக்கு அதனைச் செலுத்தினார். பிறருக்குச் செய்யப்போவதைத் தம்முடலிற் செய்து பார்த்த அந்தப் பண்பைப் பின்னரும் காண்போம்.

1969ஆம் ஆண்டில் வில்லர்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்னும் இருவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே, ஒளியை மின்னேற்றமாக மாற்றிக் காட்சியாக்க வழிசெய்த சிறு சில்லு ஒன்றைக் கண்டுபிடித்தனர். 2009ஆம் ஆண்டில் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். 1983ஆம் ஆண்டில் அத்தகைய சில்லு அகநோக்கியின் நுனியில் ஏறியது. அதன் பின்னர் வைத்தியர் குழாயின் முனையிற் கண்ணை வைத்துக் குனிந்திருக்க வேண்டியதில்லை; அறையிலுள்ள அனைவரும் திரையிலே பார்க்கலாம். கமரா மீண்டும் உடலுக்குள் நுழைந்தது, இம்முறை படச்சுருளின்றி.

குளிசையின் பயணம்

வாயின் வழியே செல்லும் வழக்கமான குழாய் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கம் வரை செல்லும். ஆசனவாயின் வழியே செல்வது பெருங்குடலைக் கடந்து சிறுகுடலின் வாசலைத் தொடும். இடையிலே சுருண்டு மடங்கிக் கிடக்கும் ஏறக்குறைய ஆறு மீற்றர் சிறுகுடலின் பெரும்பகுதி, வைத்தியருக்கு இருண்ட கண்டமாகவே இருந்தது. இரத்தம் எங்கோ கசிகிறது; எங்கே என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட நோயாளர் வருடக்கணக்காக வைத்தியசாலைகளுக்கு நடந்தார்கள்.

கவ்ரியேல் இடான் என்பவர் இஸ்ரேல் நாட்டுப் பொறியியலாளர். ஏவுகணைகளுக்குக் கண் அமைக்கும் துறையிற் பணியாற்றியவர். 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் தங்கியிருந்தபோது அயல்வீட்டு வைத்தியர் ஒருவர் சிறுகுடலின் இந்தச் சிக்கலை அவருக்குக் கூறினார். அழிக்கப் பறக்கும் கணைக்குக் கண் வைக்கலாமெனில், குணப்படுத்த விழுங்கும் குளிசைக்கு ஏன் வைக்கலாகாது என்ற சிந்தனை இடானுள் வளர்ந்தது. பெருந்தடை மின்சாரமே. அந்நாளைய சில்லுகள் சிறு மின்கலத்தை வெகுவிரைவில் உறிஞ்சித் தீர்த்துவிடும். அமெரிக்க விண்வெளி ஆய்வாளரான எரிக் பொசம் முதலியோர் 1990களில் மிகச் சொற்ப மின்சாரத்தோடு இயங்கும் புதுவகைச் சில்லை உருவாக்கிய பின்னரே கதவு திறந்தது. அதேகாலத்தில் இலண்டன் வைத்தியர் போல் சுவெயின் என்பவரும் இதே முயற்சியில் தனித்து ஈடுபட்டிருந்தார். இருவரும் கைகோத்தனர். 1999ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் முதற் குளிசையை விழுங்கியவர் சுவெயின். ஹேர்ஷொவிற்ஸ் காட்டிய வழி அங்கே தொடர்ந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் இச்செய்தி ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. 2001ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதன் உபயோகத்துக்கு அனுமதி வழங்கியது.

குளிசையின் அளவு 11 மில்லிமீற்றர் அகலம், 26 மில்லிமீற்றர் நீளம். நிறை ஏறத்தாழ நான்கு கிராம். அதற்குள் வில்லை, சில்லு, வெண்ணொளி தரும் நுண்விளக்குகள், கைக்கடிகாரத்துக்கு இடுவது போன்ற இரு மின்கலங்கள், வானொலி அலைகளை அனுப்பும் பொறி ஆகியன அடங்கியுள்ளன. முன்னே தெளிந்த கவிகை மூடி. நோயாளி இரவு முழுவதும் உண்ணாதிருந்து, காலையில் ஒரு மிடறு நீருடன் அதனை விழுங்குவார். வயிற்றைச் சுற்றி ஒட்டிய ஏற்பிகள் அலைகளைப் பிடித்து, இடுப்பிற் கட்டிய சிறு பெட்டியில் சேமிக்கும். அவர் எழுந்து நடமாடலாம். குளிசையை எவரும் தள்ளவேண்டியதில்லை. உணவைத் தள்ளும் குடலே அதனையும் தள்ளிச் செல்லும்.

முதல்வந்த குளிசைகள் விநாடிக்கு இரண்டு படங்கள் பிடித்தன. மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு மணித்தியாலத்துக்கு 57,600 படங்கள்! மறுநாளோ அதற்கடுத்த நாளோ குளிசை இயற்கையாக வெளியேறிவிடும். அதனைத் தேடி எடுக்கவேண்டிய அவசியமில்லை. சேதி முழுவதும் ஏற்கெனவே பெட்டிக்கு வந்துவிட்டது.

கண்ணாடியும் பாதாளக் கரண்டியும்

இத்துணை ஆற்றலுடைய குளிசை வந்த பின்னர் குழாய்க் கருவிகள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கிணற்றுக்கட்டுக்கு மீண்டும் வருவோம். கண்ணாடி வெளிச்சம் வாளியைக் காட்டும். மேலே எடுத்துத் தராது. அதற்குப் பாதாளக் கரண்டி வேண்டும். குளிசையும் அவ்வாறே காட்டுவதுடன் நின்றுவிடும். சந்தேகமான இடத்தில் ஒரு துளி சதையைக் கிள்ளி எடுத்து ஆராய அதனால் இயலாது. கசியும் இரத்தத்தை நிறுத்த இயலாது. கடந்துவந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கவும் இயலாது. குழாய்க் கருவியோ பார்க்கும், கிள்ளும், சுட்டு அடைக்கும், சிறு தசைமுளையை அறுத்தும் எடுக்கும். ஆதலால் ஒன்றற்கு மற்றது மாற்றாகாது.

குளிசையிலே ஒரு சிறு இடரும் உண்டு. நோயினாற் குடல் ஓரிடத்தில் ஒடுங்கியிருந்தால் அது அங்கே சிக்கிக்கொள்ளக்கூடும். அவ்வாறான ஐயமிருப்பின், சிக்கினாலும் தானே கரைந்துபோகும் ஒரு வெறுங் குளிசையை முன்னரே விழுங்கச் செய்து வழியைச் சோதிப்பர்.

கமராவின் சிறுமை இத்துடன் நிற்கவில்லை. பெருங்குடலுக்கெனத் தனிக் குளிசைகள் வந்துள்ளன. வெளியிலிருந்து காந்தத்தால் இரைப்பைக்குள் திருப்பிப் பார்க்கத்தக்க குளிசைக்கு 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2019ஆம் ஆண்டில் ஒம்னிவிஷன் என்னும் நிறுவனம் ஒரு பக்கம் 0.575 மில்லிமீற்றர் அளவேயான படச்சில்லை வெளியிட்டது. கடுகு மணியிலும் சிறிய அதனுள்ளே நாற்பதாயிரம் ஒளிப்புள்ளிகள்! இரத்தக்குழாய் போன்ற ஒடுங்கிய வழிகளுக்குள்ளும் கமராவை அனுப்பும் காலம் அணித்தே வந்துவிட்டது.

இருப்பினும் ஐம்பதாயிரம் படங்களை எடுப்பது எளிது. அவற்றுள் நோயைக் காட்டும் ஒரு படத்தைத் தவறவிடாமற் காண்பதே அரிது. அதற்குப் பயின்ற கண் வேண்டும். இன்று கணினியும் படங்களைச் சலித்துக் கொடுத்து வைத்தியருக்கு உதவுகிறது. முடிவு சொல்லும் பொறுப்போ மனிதருடையதே.

எமது நண்பர்

எம்முடன் பல்லாண்டுகள் கணிதம் கற்பித்த நண்பர் ஒருவர் இருந்தார். கரும்பலகையில் அவர் எழுதிய எண்கள் அச்சிட்டவை போலிருக்கும். ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டில் அவர் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கினார். முகம் வெளிறியது. மலம் கருமையாகப் போவதை அவர் கண்டார். பத்து மாதங்கள் வீட்டில் ஒருவரிடமும் கூறவில்லை. வயிற்றெரிவுக்கு ஏதோ குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டார். கூச்சம் பாதி, தொண்டைக்குட் குழாய் விடுவார்களே என்ற அச்சம் பாதி. இறுதியில் மகள் அழுது வற்புறுத்தி அழைத்துச் சென்றபோது, இரைப்பையிலிருந்த புற்று அயல் உறுப்புக்களுக்கும் பரவியிருந்தது.

அவரைப் பார்க்கச் சென்றபோது எமது கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்: “விடை பிழைத்தால் எந்த வரியிற் பிழைத்ததென்று முதலிலிருந்து பார் என்று பிள்ளைகளுக்கு முப்பது வருடமாகச் சொன்னேன். என் கணக்கை மட்டும் நான் திருப்பிப் பார்க்கவில்லை.” அடுத்த மாரிக்கு முன் அவர் மறைந்தார்.

அவருக்கு விசித்திரக் குளிசை எதுவும் தேவைப்பட்டிருக்காது. சில நிமிடங்களில் முடியும் சாதாரணக் குழாய்ப் பரிசோதனையே வேண்டியிருந்தது. உஜியும் அவரது துணைவர்களும் எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே அதற்கு வழியமைத்துவிட்டார்கள். தொண்டையை மரக்கச் செய்து, வேண்டின் மயக்கமருந்தும் கொடுத்தே அதனை இன்று செய்கிறார்கள். வாள் விழுங்கியின் கழுத்து எவருக்கும் வேண்டியதில்லை.

ஆகவே வாசகர்களுக்கு நாம் கூறுவது ஒன்று. காரணமின்றி இரத்தச் சோகை, கருமையான மலம், விழுங்குவதில் இடர், காரணமற்ற மெலிவு இவற்றில் எது தோன்றினாலும் மறைத்து வையாதீர்கள். இரும்புச்சத்துக் குளிசை உண்பவர்க்கும் மலம் கறுக்கும். ஆதலால் வீணே நடுங்கவும் வேண்டாம். வைத்தியரிடம் சொல்லுங்கள், எந்தக் கண் வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கட்டும். வீட்டிலே முதியோர் இருப்பின் நீங்களே கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

அன்று வகுப்பு முடிந்தபின் அந்த மாணவன் எமது மேசையருகே வந்து நின்றான். தன் அம்மம்மாவுக்கும் சில காலமாக மலம் கருமையாகப் போகிறதென்றும், ஒருவரிடமும் சொல்லவேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டாரென்றும் மெல்லச் சொன்னான். வகுப்பிலே அவன் ஏன் அக்கேள்வியைக் கேட்டானென்பது அப்போதுதான் எமக்கு விளங்கியது. அன்று மாலையே அவனது தாயாரைச் சந்தித்துப் பேசினோம்.

அம்மூதாட்டிக்குக் குழாய்ப் பரிசோதனை நடந்தது. இரைப்பையில் ஒரு புண், புற்றன்று. மருந்திலே ஆறிவருகிறது. சென்ற வாரம் வீதியிலே எம்மைக் கண்டவர், “தம்பி, வெளிச்சம் போட்டுப் பார்த்தார்களாம், எனக்கு ஒன்றும் தெரியவேயில்லை” என்று சிரித்தார்.